பாம்பை வீட்டில் வையுங்கள், தம்பி

ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஒரு தம்பி தன் வளர்ப்புப் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, வந்தவர்கள் கழுத்தில் எல்லாம் போட்டுவிட்டு, அதை வீடியோவாகவும் போட்டார். நானும் அங்கே இருந்தேன். அது பற்றி நான் போட்ட இரண்டு வரிக்கு இதுவரை முந்நூற்றுச் சொச்சம் கமெண்ட். எல்லாவற்றையும் படித்தேன். பதில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பொறுத்தும் பார்த்தேன். முடியவில்லை. ‘ஆன்ட்டிக்குப் பாம்புன்னா பயம், அதான் கத்துறாங்க’ என்று ஒருவர் எழுத, அதற்கு எண்பது பேர் சிரித்திருக்கிறார்கள். என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன இரண்டு பேரும் அந்த எண்பதில் இருக்கிறார்கள். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்குப் பாம்பு பயம் கிடையாது. மேடவாக்கத்தில் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் எங்கள் தெருவுக்குச் சாரை வரும், நீர்க்கோலி வரும், எப்போதாவது நல்ல பாம்பும் வரும். வந்தால் முதல் போன் எனக்குத்தான். நான் பிடிக்க மாட்டேன், பிடிக்கவும் தெரியாது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை பத்தடி தள்ளி நின்று அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணில் இருந்து தவறவிட்டால் அன்று ராத்திரி அந்தத் தெருவில் யாரும் தூங்க மாட்டார்கள். யாரும் கட்டையைத் தூக்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். போன மழைக்கு ஒரு சாரைக்காக இரண்டு மணி நேரம் குடையோடு நின்றேன். அது சாகாமல் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது போதும்.

பாம்பு வளர்க்காதே என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என் பதிவை மறுபடி படியுங்கள். ‘வளர்ப்பது உங்கள் விருப்பம். கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.’ இவ்வளவுதான் எழுதினேன். இதில் எந்த வார்த்தை உங்களுக்கு இவ்வளவு கோபத்தைக் கொடுத்தது?

‘எவ்ளோ சாதுவா இருக்கு பாருங்க.’ அந்த வீடியோவில் நாலு பேர் இதைச் சொல்கிறார்கள். தம்பியும் பெருமையாகத் தலையாட்டுகிறார். அந்தப் பாம்பு பால் பைதான், ஆப்பிரிக்காவின் சின்ன மலைப்பாம்பு. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் பகல் முழுக்க எலி வளையிலோ கறையான் புற்றிலோ கிடந்துவிட்டு, இருட்டிய பிறகு வெளியே வருகிற உயிர். ‘பால்’ என்றால் இங்கே பந்து. பயந்துவிட்டால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும், அதனால்தான் அந்தப் பெயர். இப்போது வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். அவர் கையில் அது எப்படி இருக்கிறது? பந்தாக இருக்கிறது. தலை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கூட்டத்தில் ஒரு பெண் ‘பாவம், தூங்குது’ என்கிறாள். அது தூங்கவில்லை அம்மா. பயந்து கிடக்கிறது.

அதன் உதட்டோரம் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். இருட்டில் எலியின் உடம்புச் சூட்டை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். ஐம்பது பேர் சுற்றி நின்றால் அதற்கு அது ஐம்பது சூடான பெரிய உடம்பு. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றால் பாம்புக்கு இமை கிடையாது. தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணர்ந்து ஓடி ஒளிகிற பிராணியைத் தரையே இல்லாமல் தோளில் தொங்கவிட்டிருக்கிறீர்கள். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. சுருளத்தான் முடியும். சுருண்டுவிட்டது. அதைப் பார்த்து நாம் கை தட்டுகிறோம்.

‘அதுக்கும் காத்து வாங்க ஆசை இருக்காதா?’ என்று ஒருவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார். நல்ல மனசோடுதான் கேட்கிறார், அதனால் சொல்கிறேன். நாய்க்கு உலாத்துவது மகிழ்ச்சி. கழுத்துச் சங்கிலியைக் கையில் எடுத்தாலே வாலாட்டும். பாம்புக்கு வேண்டியது பெட்டியில் ஒரு சூடான மூலை, ஒரு குளிர்ந்த மூலை, குடிக்கத் தண்ணீர், உடம்பு உரசுகிற அளவுக்கு இறுக்கமாக ஒளிந்துகொள்ள ஓர் இடம். இவை சரியாக இருந்தால் இருபது வருஷத்துக்கு மேலும் வாழும். இரை விழுங்கியபின் இரண்டு நாளாவது தொடக்கூடாது என்பார்கள், தொந்தரவு செய்தால் கக்கிவிடும். சட்டை உரிக்கும் சமயம் கண் பால்போல மங்கிவிடும், அப்போதும் தொடக்கூடாது. இதெல்லாம் நன்றாக வளர்க்கிறவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர்கள் யாரும் பாம்பைக் கடற்கரைக்குக் கொண்டு வருவதில்லை. அவர்கள் வீட்டில் பாம்பு இருப்பது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது.

வெளியே எடுத்து வருவது பாம்புக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்காக. அதை ஒப்புக்கொண்டுவிட்டால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

அப்புறம் நாய் கேள்வி. ‘தெருநாய் கடிச்சு எத்தனை பேர் சாகுறாங்க, அதைக் கேட்டீங்களா?’ கேட்டிருக்கிறேன். நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதைப் பேச இது இடமில்லை.

‘வெளிநாட்டுல எல்லாம் தோள்ல போட்டுட்டு சர்வசாதாரணமா நடக்குறாங்க.’ எந்த வெளிநாட்டில்? ஆஸ்திரேலியாவில் கோல்ட் கோஸ்ட்டில் ஒருவர் தன் மலைப்பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைச்சறுக்குப் போனார். 2023-ல் உலகம் முழுக்க ஓடிய வீடியோ அது. அவரிடம் உரிமம் இருந்தது, வளர்க்கலாம். ஆனால் பொது இடத்துக்குக் கொண்டுபோக அந்த உரிமத்தில் இடமில்லை. குயின்ஸ்லாந்து அரசு 2,322 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. பாம்புக்கு அது பெரிய மன உளைச்சல் என்று அங்கே அதிகாரிகளே சொன்னார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை எழுதியதும் அதேதான். அங்கே அதிகாரி சொன்னால் சட்டம், இங்கே நான் சொன்னால் ஆன்ட்டியின் பயம்.

‘அண்ணன் முறைப்படி பதிவு பண்ணிருக்காரு’ என்று ஸ்கிரீன்ஷாட் வேறு. சந்தோஷம். உண்மையிலேயே சந்தோஷம், பதிவு செய்யாதவர்கள் எத்தனையோ பேர். வன உயிரினச் சட்டத்தில் 2022-ல் திருத்தம் வந்தது. 2024 பிப்ரவரியில் விதி போட்டு, இந்த மாதிரி வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்றார்கள். அந்தப் பதிவு எதற்கு? இது யாரிடம் இருக்கிறது, எங்கிருந்து வந்தது, குட்டி போட்டதா, செத்ததா, கைமாறியதா என்று அரசுக்குத் தெரிவதற்கு. பீச்சில் வருகிறவன் போகிறவன் கழுத்தில் எல்லாம் போட்டுவிடுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளைப் பிடித்தார்களே, நினைவிருக்கிறதா? துளை போட்ட டப்பாக்களில் அடைத்து வைத்திருந்தார்கள். அத்தனை பாம்பும் யாருக்காக வந்தது? இந்த மாதிரி வீடியோ பார்த்துவிட்டு ‘எனக்கும் ஒண்ணு வேணும், எவ்ளோ ப்ரோ?’ என்று கேட்கிறவர்களுக்காக. தம்பியின் வீடியோவுக்குக் கீழே விலை கேட்டு மட்டும் நாற்பது கமெண்ட் இருக்கிறது. நான் எண்ணிப் பார்த்தேன்.

பாம்புப் பண்ணையிலும்தான் கையில் எடுத்துக் காட்டுகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. நானே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கிண்டிப் பாம்புப் பண்ணைக்குப் போய்த்தான் பாம்பைக் கொல்லக்கூடாது என்று கற்றுக்கொண்டேன். அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு, பாம்பு பார்க்கத்தான் போகிறோம் என்று தெரிந்துகொண்டு உள்ளே போகிறோம். காட்டுகிறவர் எது விஷம், எது விஷமில்லை, எதையும் ஏன் தொடக்கூடாது என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவார். கடற்கரைக்கு வந்தவர்கள் அலை பார்க்க வந்தவர்கள். வரிசையில் நின்று பாம்பைத் தடவிவிட்டு அதே கையால் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டார்கள், குழந்தைகளும்தான். பாம்பு, ஆமை எல்லாவற்றின் உடம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று வளர்க்கிறவருக்குத் தெரியாதா? ஒரு குழந்தையிடமாவது அதைச் சொன்னாரா?

எனக்கு இன்னொன்றும் உறுத்துகிறது. மகுடியோடு கூடையில் பாம்பு கொண்டுவந்த பாம்பாட்டிகளை நாம் என்ன செய்தோம்? சட்டம் போட்டுத் தடுத்தோம். சரிதான், செய்ய வேண்டியதுதான். பல்லைப் பிடுங்கி, வாயைத் தைத்து எவ்வளவு கொடுமை. ஆனால் அவர்களுக்கு அது சோறு. பாம்பு பிடித்துத் தோலுக்கு விற்றுப் பிழைத்த இருளர் பழங்குடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் வன உயிரினச் சட்டம், 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை. ஒரு தலைமுறையின் பிழைப்பு அப்படியே நின்றது. 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அரசு சொன்ன எண்ணிக்கைக்குள் பாம்பு பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இன்று நாட்டில் விஷமுறிவு மருந்து கிடைப்பதில் அவர்கள் கைக்குப் பெரிய பங்கு. அவர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-ல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். அதற்கு முன் 2017-ல் அவர்களை ஃப்ளோரிடாவுக்கே அழைத்துப் போனார்கள். எதற்கு? ஆசைக்கு வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் வெளியே போய்ப் பெருகி அங்கே சதுப்புக் காட்டு உயிர்களையே அழித்துக்கொண்டிருக்கின்றன, அந்தப் பாம்புகளைப் பிடித்துக் கொடுப்பதற்கு. பாம்போடு பிறந்து வளர்ந்த அவர்கள் யாராவது பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு பீச்சுக்கு வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கிழிந்த வேட்டியோடு ஒரு கிழவர் கூடையைத் திறந்தால் போலீசைக் கூப்பிடுகிறோம். பிராண்டு சட்டை போட்ட பையன் தோளில் போட்டு வந்தால் வரிசையில் நிற்கிறோம்.

இதற்கு மேல் எழுதுவது எனக்குக் கஷ்டம். என் சித்தி மகனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

செய்யாறு பக்கம் எங்கள் ஊர். 1994-ல் அவனுக்குப் பதினொரு வயது. அந்த ஆடித் திருவிழாவுக்கு ஒரு ஆள் மலைப்பாம்பு கொண்டுவந்திருந்தார். ஒரு ரூபாய் கொடுத்தால் கழுத்தில் போட்டுவிடுவார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் போட்டுக்கொண்டோம், நானும்தான். குளிர்ச்சியாக, கனமாக இருந்தது. ‘மலைப்பாம்பு ஒண்ணும் பண்ணாது, கொழந்த மாதிரி’ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு மாதம் கழித்து மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது என் தம்பி ஒரு பாம்பைப் பார்த்தான். குட்டையாக, தடியாக, பழுப்பு உடம்பில் வட்ட வட்டமாகச் சங்கிலிபோலப் புள்ளி. ‘அக்கா, மலைப்பாம்புக் குட்டி!’ என்று சந்தோஷமாகக் கத்தினான். நான் வரப்பிலிருந்து திரும்பிப் பார்ப்பதற்குள் எடுத்துவிட்டான்.

கண்ணாடி விரியன்.

ஊரில் பல பேர் இன்றைக்கும் அதை மலைப்பாம்புக் குட்டி என்று ஏமாறுகிறார்கள். ஆட்டோவா, மாட்டு வண்டியா எது கிடைத்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. பல் ஈறில் ரத்தம் கசிந்ததும், ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஊற்றி இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்த்ததும் நினைவிருக்கிறது. உறையவே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. அப்புறம் வேலூர். சிறுநீரகம் நின்றுபோய், மூன்று வாரம் டயாலிசிஸ். பிழைத்துவிட்டான். வலது ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். இன்றும் நடு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் பேனாவைப் பிடித்துத்தான் கையெழுத்துப் போடுகிறான்.

அவன் பிழைத்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில்தான் பாம்புக் கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இந்த ஊரில், இந்த நாட்டில், ஒரு குழந்தையின் கழுத்தில் பாம்பைப் போட்டு ‘ஒண்ணும் பண்ணாது’ என்று சொல்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணியவரை பதினேழு குழந்தைகள். அதில் எத்தனை பேர் அரைப் பரீட்சை லீவுக்குத் தாத்தா ஊருக்குப் போவார்கள்?

இது மிகைப்படுத்தல் என்பீர்கள். இருக்கட்டும். என் தம்பியின் கையை வந்து பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

வீடியோவின் நாற்பதாவது வினாடியில் ஒரு சுண்டல்காரம்மா வருகிறார். கூட்டம் என்னவென்று எட்டிப் பார்க்கிறார். தம்பியின் நண்பர் ஒருவர் பாம்பை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டுகிறார். அந்த அம்மா அலறிக்கொண்டு பின்னால் விழுகிறார். தூக்குச் சட்டி கவிழ்ந்து சுண்டல் முழுக்க மணலில். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த இடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டுப் பாட்டு சேர்த்திருக்கிறார்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சொன்னவர்கள் நம் ஆட்கள்தானே? அந்த அம்மா நடுங்கினால் மட்டும் ஏன் சிரிப்பு? அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், அங்கே யாரைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டு வந்தார் என்று சிரித்தவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? நான் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். அவர் கை நடுங்குவது நிற்கவே இல்லை. சுண்டலுக்கு என்னால் முடிந்ததைக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். பாம்பின் சொந்தக்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், மூன்று பேர் உங்களை டேக் செய்திருக்கிறார்கள். உங்கள் பாம்பை நீங்கள் நேசிக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். பெட்டி, விளக்கு, இரை என்று மாதா மாதம் செலவு செய்கிறவர் நேசிக்காமல் இருக்க முடியாது. வீட்டில் வையுங்கள். வீட்டிலேயே வீடியோ எடுங்கள், நானே பார்த்து லைக் போடுகிறேன். முழு வீடியோவையும் எடுக்க மனசில்லை என்றால், அந்த அம்மா விழுகிற பதினோரு வினாடியையாவது வெட்டிவிடுங்கள். அவர் ஏழு மணிக்கு மேல் வேளாங்கண்ணிக் கோயில் பக்கம் இருப்பார், தூக்குச் சட்டிக்கு நீலக் கைப்பிடி.