கிளி ஜோசியம் இல்லை, கணக்கு

ஞாயிற்றுக்கிழமை கோயில் பொதுக்கூட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மீதிப்பேருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். அந்தப் படமும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. கிளி ஜோசியக்காரர் உடம்பில் என் தலை. கிளியின் அலகில் சீட்டு, சீட்டில் 2030. நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். என் மகள் பார்த்துச் சிரித்தாள், நான் நிற்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தம்தான் இன்னும் உறுத்துகிறது.

நான் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். 2030 நவம்பர் 25, திங்கட்கிழமை, காலை ஏழரை மணி வாக்கில் முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் மேல் விழப்போகிறது. நமீபியாவில் கரையேறி, போட்ஸ்வானா வழியாக வந்து, நம் தலைக்கு மேல் கடலுக்குள் இறங்கி, ஆஸ்திரேலியாவில் போய் முடிகிறது. பிள்ளைகளைக் கோயில் மைதானத்தில் கூட்டிக் காட்டலாம், அதற்குக் கிரகணக் கண்ணாடி வாங்க இப்போதிருந்தே வருஷம் கொஞ்சம் ஒதுக்கலாமா என்றேன். அதற்குக் கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்ன பதில் (இங்கிலீஷில் சொன்னார், சாரத்தைத் தருகிறேன்): "நாளைக்கு மழை வருமான்னே எவனுக்கும் சொல்லத் தெரியல. 2030ல நிழல் எந்த ரோட்டுல விழும்னு இவருக்குத் தெரியுதாம். லோட் ஷெடிங் டைம்டேபிள் மாதிரிதானே?"

கூடமே சிரித்தது. லோட் ஷெடிங் (முறைவைத்து விடுகிற மின்வெட்டு) பகடி நல்ல பகடிதான், நானும் அரை நொடி சிரித்தேன். டைம்டேபிளில் ஆறு மணி என்று போட்டு ஐந்தே முக்காலுக்கு விளக்கை அணைத்த ஊரில் எந்த அட்டவணையை நம்புவது? ஆனால் நிலாவை இங்கே யாரும் நிர்வாகம் பண்ணவில்லை, அண்ணே.

இது ஜோசியம் இல்லை, கணக்கு. மழைக்குக் காற்று, ஈரம், கடல் சூடு என்று ஆயிரம் காரணம் இருக்கிறது. கிரகணத்துக்கு இருப்பது சூரியன், பூமி, நிலா என்று மூன்றே பந்து. 1969-ல் அப்பல்லோ 11 நிலாவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள் மேல் இன்றைக்கும் லேசர் அடித்து, தூரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நிலா நம்மைவிட்டு விலகுவதுவரை தெரியும். அந்தப் பந்தின் நிழல் எந்த ஊரில் விழும் என்று சொல்வதற்கா கிளி வேண்டும்? 1824-ல் பெஸல் என்ற ஜெர்மானியர் ஒரு வழி சொன்னார். பூமியின் நடுவில் ஒரு தட்டையான பலகை இருப்பதாக வைத்துக்கொள், நிழல் அதன் மேல் செங்குத்தாக விழட்டும், அந்த வட்டம் பலகையில் நகர்வதைக் கணக்கிடு, பிறகு அதை உருண்டையான பூமி மேல் கொண்டுவந்து போடு. இன்றைக்கும் அடிப்படை அதுதான். பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு டார்ச்சும் ஒரு பூகோள உருண்டையும் வைத்து அரைமணியில் புரியவைத்திருக்கிறேன்.

சிரித்தவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. நீங்களே நடத்துகிற ராகு கேது பெயர்ச்சி பூஜைக்கு நாள், மணி, நிமிஷம் போட்டு மாதக்கணக்கில் முன்னாலேயே போஸ்டர் அடிக்கிறீர்களே, அது எப்படித் தெரிந்தது? ராகுவும் கேதுவும் பாம்பு உருவில் கோயிலில் இருக்கலாம், நான் கும்பிடத்தான் செய்கிறேன். ஆனால் பஞ்சாங்கத்தில் இருப்பது இரண்டு புள்ளிகள். நிலாவின் பாதை சூரியனின் பாதைக்கு ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்கள்தான் அவை. அமாவாசை அன்று நிலா அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் சூரியனைப் பாம்பு பிடிக்கிறது. பெயர்ச்சிக்குப் போஸ்டர் அடிக்கும்போது அது சாஸ்திரம், அதே கணக்கை நான் சொன்னால் கிளி ஜோசியம். தைப்பூசக் காவடிக்கு அடுத்த வருஷ நாள் குறித்தாயிற்றா இல்லையா? நிலாவைப் பார்த்துத்தானே குறித்தீர்கள்?

கொஞ்சம் விலகிப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. எனக்கு ஒன்பது வயது, தஞ்சாவூர்ப் பக்கம் கிராமம். முழுக் கிரகணம் கர்நாடகா, ஆந்திரா பக்கம்தான், எங்களுக்குப் பாதிக்கும் மேலே மறைத்தது. மத்தியானமே கதவைச் சாத்தி, ஊறுகாய் ஜாடி மேல் தர்ப்பையைப் போட்டு எங்களை உள்ளே அடைத்துவிட்டார்கள். தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவைத்தார் தாத்தா. "கிரகணம் விடுறப்போ தானா விழும்டா" என்றார். அசையாமல் நின்றது. நான் கண் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் கழித்து யாரும் இல்லாத நேரத்தில் அதே உலக்கையைக் கிரகணமே இல்லாமல் நிறுத்திப்பார்த்தேன், நின்றது. தாத்தாவிடம் சொல்லவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் ஒன்று, எத்தனை மணிக்குப் பிடிக்கும், எத்தனை மணிக்கு விடும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து முன்கூட்டியே சொன்னாரே, அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இனி வரப்போகும் பதில்கள். "கிரகண நேரத்தில் கோயில் நடை சாத்தவேண்டும், மைதானத்தில் எப்படிக் கூட்டம் போடுவது?" இது நியாயம். ஞாயிறன்று இதைச் சொல்லியிருந்தால் அங்கேயே ஒத்துக்கொண்டிருப்பேன். கடற்கரையில் வைத்துக்கொள்வோம். காலை வெயில் கடல் பக்கம்தான் இருக்கும், நிழல் நம் முதுகுப்பக்கம் மலையிலிருந்து வந்து கடல் மேல் ஓடும். அதைவிட நல்ல இடம் ஏது?

"விஞ்ஞானிகளும் தப்பு பண்ணுவார்கள்." பண்ணுவார்கள். பூமி சுற்றும் வேகம் முழுக்கச் சீரானது இல்லை. ஒரு நொடி பிசகினால் நம் டர்பன் பக்கத்தில் நிழல் 400 மீட்டர் நகர்ந்துவிடும். நிலாவின் ஓரத்தில் மலையும் பள்ளமும் இருப்பதால் பாதையின் விளிம்பு கொஞ்சம் பிசிறடிக்கும். அவ்வளவுதான். நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலமான பாதை, அதன் ஓரத்தில் சில நூறு மீட்டர் சந்தேகம். 1715-ல் ஹாலி என்ற ஆங்கிலேய வானியலாளர் இங்கிலாந்தில் கிரகண நிழல் போகும் பாதைக்கு வரைபடம் போட்டபோது விளிம்பு முப்பது கிலோமீட்டர் தப்பியது. அப்போதுகூட அவரை யாரும் கிளியோடு சேர்த்து வரையவில்லை என்று நினைக்கிறேன்.

"மேகம் வந்தால்?" வரும். நவம்பரில் டர்பன் வானத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டாம். 2002 டிசம்பர் 4 அன்று முழுக் கிரகணம் பார்க்க வடக்கே லிம்போபோ மாகாணத்துக்குப் போன பலருக்கு மேகம்தான் கிடைத்தது. ஆனால் நிழல் சொன்ன நிமிஷத்துக்கு வந்தது. மேகத்துக்கு நான் பொறுப்பில்லை.

அடுத்தது, என்னை உண்மையில் குத்தியது. "வெள்ளைக்காரன் கணக்கைத் தூக்கிட்டு வர்றார், நம்ம பாரம்பரியம் தெரியல." இதைச் சொன்னது வேறொருவர், பின்வரிசையில் இருந்து. யாருக்கு ஐயா தெரியவில்லை? 1769-ல் லெ ஜான்டீல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் இருந்தார். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க எட்டு வருஷம் காத்திருந்தவர். ஜூன் மாதம் அந்த நாள் வந்தது, மேகம் மூடிக்கொண்டது. (கணக்கு சரி, மேகம் வேறு. முன்னாலேயே சொன்னேன்.) அவர் அங்கே ஒரு தமிழரிடம் கிரகணம் கணிக்கக் கற்றுக்கொண்டார். 1765-ல் நடந்த சந்திர கிரகணத்தை வைத்துப் பார்த்தால், மொத்த நேரத்தில் தமிழ் முறை 41 நொடி குறைவாகச் சொல்லியிருந்தது, ஐரோப்பாவின் நல்ல அட்டவணை 68 நொடி அதிகமாகச் சொல்லியிருந்தது. பிறகு 1825. மதராஸ் வானாய்வுக்கூடத்தில் முன்பு வேலை பார்த்த ஜான் வாரன் முன்னால், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த எண்களைக் கொண்டே கிரகணம் கணித்துக் காட்டினார். பேனா இல்லை, காகிதம் இல்லை. தொடக்கம் நாலு நிமிஷம்தான் தப்பியது. முடிவு 52 நிமிஷம் தப்பியது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கில் தப்பை அளந்து சொல்லமுடியும். ஜோசியத்தில் முடியுமா?

அந்தச் சோழிக்காரர் ஞாயிறன்று நம் கூடத்துக்கு வந்திருந்தால் அவர் தலையையும் கிளிக்காரர் உடம்பில் ஒட்டியிருப்பீர்கள்.

கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து, "டோண்ட் வரி சார், நேத்து வந்தவங்க சொன்னா நம்ம ஆளுங்க கேக்க மாட்டாங்க" என்றார். ஆறுதலாம். இருபத்திரண்டு வருஷமாக டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன், இன்னும் நேற்று வந்தவன். சரி, உங்கள் முன்னோர் 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள், நான் ஏரோப்ளேனில் வந்தேன். வலியில் வித்தியாசம் உண்டு, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தோறும் அ, ஆ எழுதச் சொல்லித்தருவது யார்? அப்போது மட்டும் நான் நேற்று வந்தவன் இல்லை, அப்போது "மாஸ்டர்". இதைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதைப் படிக்க முடியாது, யாராவது மொழிபெயர்த்துச் சொல்லட்டும். கோழைத்தனம் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கேயோ போய்விட்டேன். கிரகணம்.

நேற்று பக்கத்து வீட்டு ஆயா வேலிப்பக்கம் நின்று கேட்டார், "தம்பி, என் வாசல்லருந்து தெரியுமா?" எண்பத்தாறு வயது. தெரியும் ஆயா, பாதைக்குள்தான் இருக்கீங்க, ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் உங்கள் மகனுக்குத்தான் முழுசாகத் தெரியாது, அவரை இங்கே வரச்சொல்லுங்கள் என்றேன். "அவன் பொங்கலுக்கே வர்றதில்ல" என்றார். அப்புறம், எந்தப் பக்கம் திரும்பி உட்காரவேண்டும் என்று கேட்டார். கிழக்கே, மாமரத்துக்கு இடதுபுறம் என்று காட்டினேன். அந்தக் கிளையை வெட்டச்சொல்லவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

கண்ணாடி நானே வாங்கிக்கொள்கிறேன், என் காசில், தரச்சான்று உள்ளதாக. கமிட்டிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான். அந்தப் பெரியவருக்கு இரண்டு.

கமெண்டில் கிளி ஸ்டிக்கர் போடுகிறவர்களை பிளாக் பண்ணுவேன். மகளே, உன்னையும்தான்.