நாங்கள் ஃபில்லிக்காரர்கள் என்று யார் சொல்லலாம்?

போன சனிக்கிழமை நியூ ஜெர்சியில் ஒரு நண்பர் வீட்டில் விருந்து. எட்டு, பத்துக் குடும்பங்கள் வந்திருந்தோம். சாப்பிட்டு முடித்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்ததும் வழக்கமான பேச்சு ஆரம்பித்தது: அமெரிக்காவில் குடியிருக்க எது நல்ல ஊர்? டாலஸிலிருந்து வந்தவர் வீட்டு விலையைச் சொன்னார். சான் ஹோசேக்காரர் வெயிலையும் வேலையையும் சொன்னார். நியூயார்க் தம்பதி, ராத்திரி மூன்று மணிக்கும் ரயில் ஓடுகிற ஊர் வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். (சிகாகோவிலும் இரண்டு தடங்களில் விடிய விடிய ஓடுகிறது.) நான் ஃபிலடெல்ஃபியா என்றேன், நாங்கள் செல்லமாக 'ஃபில்லி' என்று சொல்கிற எங்கள் ஊர். அங்கே இருந்த ஒரு அண்ணன், நல்ல மனிதர், சட்டென்று கேட்டார்: "நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போகிற வழியில் ரயில் நிற்குமே, அந்த ஊரா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் திரும்பும்போது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலத்தில் ஏறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் விளக்குகள் தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் வந்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் அந்தப் பட்டியல். விருந்தில் ஒரு தம்பி போனைப் பார்த்து வாசித்தான்: 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஃபிலடெல்ஃபியாவை முந்திக்கொண்டு ஃபீனிக்ஸ் ஐந்தாவது பெரிய நகரமாகிவிட்டதாம். உண்மைதான். ஃபீனிக்ஸ் 16,08,139 பேர், நாங்கள் 16,03,797 பேர். நாலாயிரத்துச் சொச்சம்தான் வித்தியாசம். ஆனால் ஃபீனிக்ஸின் பரப்பு 500 சதுர மைலுக்கு மேல், எங்கள் ஊர் சுமார் 134 சதுர மைல். எங்கள் ஊரைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு நிலத்தில் பரந்து கிடக்கிற ஊர் எங்களைவிட நாலாயிரம் பேர் கூடுதலாக வைத்திருக்கிறது. இதில் வென்றது யார், தோற்றது யார்?

ஃபீனிக்ஸ் 1950-ல் வெறும் 17 சதுர மைல் ஊர். அப்போது அங்கே இருந்தவர்கள் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர்கூட இல்லை. அதன் பிறகு சுற்றியிருந்த பாலைவனத்தையும் குடியிருப்புகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டே வந்தது. எங்கள் எல்லை 1854-ல் போட்டது. அதற்கு முன்னால் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் சுமார் இரண்டு சதுர மைல்தான் ஃபிலடெல்ஃபியா. அந்த வருஷம் மாவட்டம் முழுவதையும் நகரத்தோடு இணைத்தார்கள். அதற்குப் பிறகு ஊர் எல்லையைத் தாண்டி வளர்ந்தது, கோடு நகரவில்லை.

இந்த எல்லைக்கோட்டைப் பற்றி யோசிக்காமல் அமெரிக்க நகரங்களை ஒப்பிடவே முடியாது. சான் அன்டோனியோவில் 14 லட்சம் பேர், பாஸ்டனில் ஆறே முக்கால் லட்சம் பேர். அப்படியானால் பாஸ்டன் சின்ன ஊரா? சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து எண்ணினால் பாஸ்டன் பக்கம் ஏறக்குறைய 49 லட்சம், சான் அன்டோனியோ பக்கம் சுமார் 25 லட்சம். கணக்கு அப்படியே தலைகீழாகிறது. நாம் எல்லோரும் 'ஹூஸ்டன் மீனாட்சி கோவில்' என்று சொல்கிறோமே, அந்தக் கோவில் ஹூஸ்டனில் இல்லை, பியர்லேண்டில் இருக்கிறது. மீனாட்சிக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரும் பணத்துக்கு அது ரொம்பப் பெரிய பொருட்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

செயின்ட் லூயிஸ் இதில் மிகவும் அடிபட்ட ஊர். 1876-ல் அந்த நகரம் தன் மாவட்டத்திலிருந்து தானாகவே பிரிந்துகொண்டது. சுற்றியிருந்த கிராமப்புறத்துக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. எல்லை அன்றோடு நின்றுபோனது. பின்னால் வசதியானவர்கள் கோட்டைத் தாண்டிப் போனார்கள். பணமும் கூடவே போனது. 1950-ல் எட்டரை லட்சத்துக்கு மேல் இருந்த ஊரில் 2020-ல் மூன்று லட்சம் பேர். ஒவ்வொரு வருஷமும் 'ஆபத்தான நகரங்கள்' என்று பட்டியல் போடும்போது செயின்ட் லூயிஸ் மேலே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே கொலைகள் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. கொலைகளை வகுக்கிற எண் அந்தப் பழைய கோட்டுக்குள் இருக்கிற மூன்று லட்சம்தான். ஹூஸ்டன் மாதிரி 600 சதுர மைலுக்கு மேல் பரந்து, அமைதியான தெருக்களையும் உள்ளே வைத்திருந்தால் அந்த விகிதம் வேறு மாதிரி இருக்கும். அந்த ஊரில் பிள்ளைகளை வளர்க்கிறவர்களை ஒரு பட்டியலைக் காட்டிக் கூசச் செய்வது நியாயமே இல்லை.

சரி, சிகாகோ. சிகாகோவோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஏரிக்கரை ஏறக்குறைய முழுவதையும் பொதுமக்களுக்கே விட்டுவைத்திருக்கிற ஊர் அது. வீடுகளுக்குப் பின்னால் சந்துகள் இருப்பதால் குப்பை அங்கே போகிறது. நியூயார்க்கில் நெடுங்காலம் செய்த மாதிரி நடைபாதையில் பைகளைக் குவிக்க வேண்டியதில்லை. 1871 தீ விபத்துக்குப் பிறகு எழுந்து நின்ற விதம் எந்த ஊருக்கும் பெருமைதான். ஆனால் அவர்கள் பெருமையாகச் சொல்லும் இன்னொரு கதை உண்டு: 1900-ல் தங்கள் ஆற்றையே எதிர்த்திசையில் ஓடவைத்தார்கள். குடிக்கிற ஏரியில் கழிவு கலக்கக் கூடாது என்பதற்காக வெட்டிய கால்வாய் அது. கழிவு எங்கே போனது? மிஸிஸிப்பி வழியாகச் செயின்ட் லூயிஸ் பக்கம். செயின்ட் லூயிஸ் இருக்கிற மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1906-ல் வழக்கு தள்ளுபடியானது. சிகாகோவில் பத்துப் பேரிடம் இந்தக் கதையைக் கேட்டுப் பாருங்கள், கால்வாயோடு நிறுத்திவிடுவார்கள்.

எந்த ஊர்ப்பெருமையும் இப்படித்தான் பாதிக் கதையோடு நிற்கிறது. எங்கள் ஊரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் இங்கே வந்து 19 வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் புறநகரில் இருந்தோம். அப்புறம் தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வரிசை வீடு வாங்கினோம். சுவரோடு சுவர் ஒட்டிய செங்கல் வீடு, பதினைந்தடி அகலம், வாசலில் நாலு படி. நான் பிறந்தது சங்கரன்கோவில் பக்கம், திண்ணை உள்ள வீட்டில். இந்தப் படிகளைப் பார்த்த முதல் நாளே எனக்கு ஊர் பிடித்துவிட்டது. சாயங்காலம் ஆனால் தெரு முழுக்கப் படியில் உட்கார்ந்திருக்கும். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பையன் வேலைக்குப் போகிறான், எல்லாம் படியிலேயே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவின் அப்பா இத்தாலியிலிருந்து வந்தவர். முதல் பனிக்காலத்தில் என் கணவர் ஊரில் இல்லாத நேரத்தில் ஒன்றரை அடி பனி விழுந்தது. கைக்குழந்தையோடு என்ன செய்வது என்று தெரியாமல் கதவைத் திறந்தால், என் வாசலும் படியும் சுத்தமாக இருந்தன. பாட்டியம்மாவின் பேரன் விடிவதற்குள் அள்ளிவிட்டுப் போயிருக்கிறான். நன்றி சொல்லப் போனபோது, "இதற்கெல்லாம் நன்றி சொன்னால் நாளைக்கு உப்பு கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும்" என்றார்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரை முரட்டு ஊர் என்பார்கள். 1968 டிசம்பரில் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸ் ஆட்டத்தின்போது சாண்டா கிளாஸ் வேஷம் போட்டவர் மேல் பனி உருண்டை எறிந்ததை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். எறிந்தது உண்மை. ஆனால் 2018 பிப்ரவரியில் ஈகிள்ஸ் முதல் முறையாகச் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை ஜெயித்த ராத்திரி எங்கள் தெருவில் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும். பெரிய பெரிய ஆண்கள் படியில் உட்கார்ந்து அழுதார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா மறுநாள் காலையில் கணவர் கல்லறைக்கு ஒரு பச்சைக் கொடி எடுத்துக்கொண்டு போனார். அவர் கணவர் பல வருஷம் அந்த அணிக்காகக் காத்திருந்து செத்துப் போனவர்.

இப்போது ஈகிள்ஸ் அணியின் பச்சைச் சட்டையைப் பற்றித்தான் எனக்கு உண்மையான வருத்தம்.

ஆட்ட நாளில் புறநகர் முழுக்கப் பச்சைச் சட்டை. நம் தமிழ்க் குடும்பங்களிலும்தான். "வீ ஆர் ஃப்ரம் ஃபில்லி" என்று படம் போடுவார்கள். மற்ற நாட்களில் அதே வீடுகளில், "சிட்டியா? இருட்டினதுக்கு அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டோம்", "அங்கே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் சரியில்லை" என்று பேச்சு. (அரசுப் பள்ளிகளை நடத்துகிற வட்டார அமைப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள்.) பள்ளிக்காகப் புறநகர் போனவர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் படிப்புக்காகத்தானே கடல் தாண்டி வந்தோம். ஆனால் அந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஏன் சரியில்லை என்று கேட்க வேண்டாமா?

பென்சில்வேனியாவில் பள்ளிக்குப் போகும் பணத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. விலை கூடிய வீடுகள் உள்ள இடத்தில் பள்ளிக்குப் பணம் தானாக வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏழைகள் அதிகம், வரி போட்டாலும் பணம் வராது. என் மகள் படித்த பள்ளியில் மேல்மாடி வகுப்புகளில் ஏசி கிடையாது. செப்டம்பரில் வெயில் ஏறினால் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் வரி கட்டாமல் இல்லை. 1939-லிருந்து இந்த ஊரில் சம்பளத்துக்கே தனி வரி இருக்கிறது, இப்போது சுமார் மூன்றே முக்கால் சதவீதம். (வெளியே குடியிருந்து உள்ளே வேலை பார்ப்பவர்களும் கொஞ்சம் குறைந்த விகிதத்தில் கட்டுகிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.) 2023 பிப்ரவரியில் மாநில நீதிமன்றமே இந்தப் பள்ளி நிதி முறை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொன்னது. அன்றைக்கு எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேசாத ஆளில்லை. புறநகர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அந்தச் செய்தியைப் போட்டேன், ஒருவர்கூடப் பதில் எழுதவில்லை. அடுத்த ஞாயிறு சூப்பர் பவுல். அதே குழுவில் பச்சை இதயம் நூறு வந்தது.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. டெட்ராய்ட்டைப் பாருங்கள். 1950-ல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த ஊர். 2013 ஜூலையில் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. அதற்கு முந்தைய வருஷம் அங்கே ஓவியக் கலைக்கூடம் பணமில்லாமல் தத்தளித்தபோது, சுற்றியுள்ள மூன்று மாவட்ட மக்கள் தங்கள் சொத்து வரியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள ஓட்டுப் போட்டார்கள். நகரத்துக்கு வெளியே, அதன் வடக்கு எல்லையான எய்ட் மைல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் சேர்ந்துதான். நகரத்துக்கும் புறநகருக்கும் அவ்வளவு கசப்பு இருந்த இடத்தில் இது நடந்தது. அந்த மக்கள் தங்களை டெட்ராய்ட்காரர்கள் என்று சொல்லிக்கொண்டால் நான் கைதட்டுவேன்.

பிறந்தால்தான் ஊர் சொந்தம் என்றும் நான் நினைக்கவில்லை. எங்கள் ஊர் கொண்டாடுகிற பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பிறந்தது பாஸ்டனில். 1723-ல், பதினேழு வயதில், அண்ணனிடமிருந்து ஓடி வந்தவர். வந்த ஊரில் நூலகத்துக்கு ஆள் சேர்த்தார், தீயணைக்க ஆள் சேர்த்தார். ஊர் அவரைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது.

அப்புறம், எங்கள் பாதிக் கதை. 1985 மே 13 அன்று மேற்கு ஃபிலடெல்ஃபியாவில், ஓசேஜ் அவென்யூவில், 'மூவ்' என்ற கறுப்பின அமைப்பினர் இருந்த வரிசை வீட்டின் கூரை மேல் எங்கள் நகரப் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து வெடிகுண்டு போட்டது. பற்றிய தீயை உடனே அணைக்காமல் எரிய விட்டார்கள். பதினோரு பேர் இறந்தார்கள்; ஐந்து பேர் குழந்தைகள். 61 வீடுகள் எரிந்துபோயின. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் தீ எப்படிப் போகும் என்று எங்கள் தெருவில் குடியிருக்கிற யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நகர மன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2020 நவம்பரில்; முப்பத்தைந்து வருஷம் கழித்து. இங்கே வந்து எட்டு வருஷம் வரை எனக்கு இது தெரியாது. தெரிந்த அன்றைக்கு இந்த ஊரை விட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. மகளுக்குப் பன்னிரண்டு வயது ஆனதும் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தண்ணீரை 'வுடர்' என்று எங்கள் ஊர் உச்சரிப்பில் சொல்கிற பெண் அவள். இந்த ஊர் அவளுடைய ஊர். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் குழந்தைகள் எந்த ஸ்கூல்ல படிச்சாங்கம்மா?" என்று கேட்டாள்.

அண்ணா, நீங்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும், கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த தடவை வாஷிங்டன் போகும்போது அந்த ரயில் எங்கள் ஊரில் நிற்கும் அல்லவா, இறங்கிவிடுங்கள். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். முதலில் ஓசேஜ் அவென்யூவுக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போவோம். மீன் குழம்பு வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து பேசலாம், பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவும் வருவார்.