அந்தக் கடலூர்ப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை

2015 ஜூன் மாதம். கடலூர் மகளிர் நீதிமன்றம் ஏழாண்டுத் தண்டனை கொடுத்துச் சிறைக்கு அனுப்பிய ஒருவருக்குச் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. எதற்குத் தெரியுமா? அவனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணோடு சமரசம் பேச. கொடுமை நடந்தபோது அவள் சிறுமி. தாய் தகப்பன் இல்லாதவள். தீர்ப்பு வரும்போது அவளே ஒரு குழந்தைக்குத் தாய். சமரசத்துக்கு உனக்குச் சம்மதமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த உத்தரவே வந்திருக்காது. முடியவே முடியாது என்று அவள் பத்திரிகைக்காரர்களிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஜூலை முதல் தேதி, வேறொரு வழக்கில், இப்படிப்பட்ட குற்றத்தில் சமரசப் பேச்சுக்கே இடமில்லை என்றது உச்ச நீதிமன்றம். அதன் பிறகுதான் உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. நீதிபதி இருக்கையில் பெண்கள் கூடுதலாக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மார்ச் 10 பெண் நீதிபதிகளுக்கான பன்னாட்டு நாள், 2021இல் ஐ.நா. அறிவித்தது. அன்றைக்கு வாட்ஸ்அப்பில் "தாயுள்ளம் கொண்ட நீதிபதிகள்" என்று வாழ்த்து சுற்றும். எனக்கு அது பிடிப்பதே இல்லை. கோர்ட் படி ஏறுகிற பெண் யார் மடியிலும் தலைசாய்க்க வரவில்லை. அவள் வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் மேலே உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் சித்தி மகள் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறவள். ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டுவிட்டு வாய்தா வாய்தாவாக அலைந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொன்னார்: "இந்தம்மா வேலைக்குப் போறாங்க, நல்லா சம்பாதிக்கிறாங்க." மாற்றலாகி வந்த பெண் நீதிபதி ஒருநாள் அவளையே கேட்டார். "கிலோவுக்கு எவ்வளவும்மா தர்றாங்க?" "மழை மாசத்துல வேலை இருக்குமா?" "கொட்டை எண்ணெய் பட்டுக் கை வெந்துபோனா எத்தனை நாள் சும்மா இருக்கணும்?" "நீ போயிட்டா பிள்ளைங்களுக்கு யார் ஆக்கிப் போடறது?" இரக்கமாக ஒரு சொல் இல்லை, எழுதிக்கொண்டே கேட்டார். வக்கீல் சொல்லிவந்த வருமானம் அந்த நாலு கேள்வியில் கரைந்துபோனது. தொகை நிர்ணயமானது.

இதே கணக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெரிதாகப் போட்டுக் காட்டியவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். 2009இல், விபத்தில் இறந்துபோன ஓர் இல்லத்தரசிக்கான இழப்பீட்டு வழக்கு. சமைப்பது, பிள்ளை வளர்ப்பது, முதியவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாமே உழைப்புதான், அதற்கு மதிப்பு உண்டு என்று அந்தத் தீர்ப்பு விரிவாக எழுதியது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையையும் துணைக்கு எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை எடுத்தாண்டது. சம்பளச் சீட்டு இல்லாத நம் அம்மாக்கள் எத்தனை பேருக்கு இது பொருந்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெண் என்றாலே தீர்ப்பு சரியாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. 2021 ஜனவரியில், ஆடைக்கு மேல் சிறுமியைத் தொட்டது போக்சோ சட்டப்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்று எழுதியவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஒரு பெண் நீதிபதி. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது முதன்மைத் தீர்ப்பை எழுதியவரும் ஒரு பெண்தான், நீதிபதி பேலா திரிவேதி. ஆண் நீதிபதிகள் ஒருவருக்கொருவர் மாறுபடுவதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம் அல்லவா? பெண்களும் அப்படி மாறுபடும் அளவுக்கு எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை எப்படி இருக்கிறது? 1950இல் தொடங்கிய உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதி வந்தது 1989இல்: பிற்பாடு தமிழக ஆளுநராகவும் இருந்த பாத்திமா பீவி. 2021 ஆகஸ்டில் மூன்று பெண்கள் ஒரே நாளில் பதவியேற்றார்கள். அவர்களையும் சேர்த்தே அதுவரை மொத்தம் 11 பேர். கீழ் நீதிமன்றங்களில் நிலைமை எவ்வளவோ மேல். காரணம், அங்கே தேர்வு எழுதிப் போகலாம். ஜவ்வாது மலை ஸ்ரீபதி, பிரசவம் முடிந்த கையோடு சென்னைக்குப் போய் சிவில் நீதிபதி தேர்வு எழுதி வென்றது 2024இல் எல்லோரும் படித்த செய்தி. 1988இல் நேரடியாக மாவட்ட நீதிபதியாகத் தேர்வான ஆர். பானுமதி உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்வு இருக்கிற வாசலில் பெண்கள் நுழைந்துவிடுகிறார்கள். உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் கூடிப் பெயர் எழுதுகிற இடத்தில்தான் வரிசை தேங்குகிறது.

புதுச்சேரிக்குத் தனி உயர் நீதிமன்றம் கிடையாது. காரைக்காலில் தோற்ற பெண்ணும் வில்லியனூரில் தோற்ற பெண்ணும் உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். அதனால் அங்கே யார் உட்காருகிறார்கள் என்பது நம் ஊர்ப் பிரச்சினையும்தான்.

உயர் நீதிமன்றத்துக்கு வழக்கறிஞர்களில் இருந்து ஆள் எடுக்கும்போது, அரசு வழக்கறிஞராக இருந்தவர்கள் எளிதில் கண்ணில் படுவார்கள். அந்தப் பொறுப்பைப் பெண்களுக்குக் கொடுங்கள். இங்கே பெண் வக்கீல்களுக்குக் குடும்ப வழக்கை மட்டும் தள்ளிவிட்டு, கொலை வழக்கையும் நில வழக்கையும் சீனியர் ஆண்களே வைத்துக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் அடுத்த அரசு வழக்கறிஞர் நியமனப் பட்டியல் வரும்போது, அதில் எத்தனை பெண்கள், எந்தெந்த கோர்ட்டுக்கு என்று பார்த்து இங்கேயே எழுதுவேன்.