ரோடு போடக் காசு இருக்கு, ரோட்டைப் பார்த்துக்க ஆள் எங்கே?

மழைக்காலம் முடிந்தால் போதும், "புது ரோடு எப்பப் போடுவாங்க?" என்று எல்லா ஊரிலும் கேட்க ஆரம்பித்துவிடுகிறோம். மழைக்கு முன்னால் ரோட்டோர வாய்க்காலை யாராவது தூர்வாரினார்களா என்று கேட்பதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

தார்ச்சாலையைக் கெடுப்பதில் தண்ணீருக்குப் பெரிய பங்கு உண்டு. மேலே விழுந்த சின்ன வெடிப்பு வழியாக உள்ளே இறங்கி, ஜல்லியைப் பிடித்திருக்கும் தாரை அது பிரித்துவிடும். அடிமண் இளகியபின் பாரம் ஏற்றிய டிப்பர் ஒன்று போனால் பள்ளம்தான். வெடிப்பிலேயே அடைத்திருந்தால் கொஞ்சம் தாரும் இரண்டு ஆளும் போதும். விட்டுவிட்டால் டெண்டர் விட்டுச் சாலையையே புதிதாகப் போட வேண்டும். அதற்குள் அந்தப் பள்ளத்தில் எத்தனை டூவீலர்கள் விழுந்து எழுந்திருக்கும்!

அந்த இரண்டு ஆள் யார்? 1997இல் தமிழக நெடுஞ்சாலைத் துறை சுமார் 10 ஆயிரம் சாலைப் பணியாளர்களை வேலைக்கு எடுத்தது. மண்வெட்டியோடு ஓரத்தைச் செதுக்கி, புதர் வெட்டி, வாய்க்காலைத் திறந்துவிட்டு, பள்ளத்தை அடைத்தவர்கள். 2002இல் அவர்களை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்ப வேலை கிடைத்தது 2006இல். சம்பளம் இல்லாமல் போன அந்த 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கில் எடுக்கச் சொல்லி, அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். பராமரிப்புச் செலவைச் சுமையாகப் பார்த்த அரசு முதலில் கைவைத்தது இந்தக் குடும்பங்களின் சோற்றில்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொரு கொடுமை, பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே அடுத்த அடுக்கைப் போடுவது. ரோடு ஏற ஏற வீடு பள்ளத்துக்குப் போகிறது. வசதி உள்ளவர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக்கொள்கிறார். ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? மழைநீர் நேராக அவர் அடுப்படிக்கு வருகிறது. மில்லிங் செய்துவிட்டுத்தான், அதாவது பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்தில் அறிவுறுத்தினார். சுரண்டி எடுத்த பழைய ஜல்லியையும் தாரையும் மறுபடி கலவையில் சேர்க்க முடியும். அந்த அளவுக்குக் குவாரியில் பாறை உடைப்பது குறையும்.

பாரத்தையும் சொல்லியாக வேண்டும். 2018இல் மத்திய அரசு, லாரிகளில் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான (சக்கரங்களை இணைக்கும் தண்டு) எடை வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அச்சின் எடை கூடினால் சாலைச் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் மடிக்குக் கூடும் (எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு) என்பது பொறியாளர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு. அதன்படி இந்த 1.3 டன்னுக்கே சேதம் சுமார் 60 சதவீதம் அதிகம். லாபம் சரக்கு ஏற்றுகிறவருக்கு, ரிப்பேர் செலவு ஊருக்கு. கிராமத்துச் சாலைகளை இவ்வளவு பாரத்தை நினைத்துப் போடவே இல்லை.

ஊராட்சிகளில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் புது ரோட்டுக்கு மனு கொடுப்பதற்கு முன்னால், இருக்கிற ரோட்டின் வாய்க்காலைத் தூர்வாரவும் வெடிப்பை அடைக்கவும் தீர்மானம் போடச் சொல்லுங்கள். வேலையை யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்பதையும் அதிலேயே எழுத வையுங்கள். அக்டோபர் 2 சபைவரை தள்ளிப்போட்டால் நேரம் போதாது, பருவமழை வாசலுக்கு வந்திருக்கும்.