ரிப்பேர் பட்டறைக்கு முதலில் வாங்க வேண்டியது குண்டு பல்பு

'வீட்டுச் சாமானை நீங்களே சரிசெய்யுங்கள்' என்று குடியிருப்போர் சங்கங்களிலும் கல்லூரிகளிலும் பட்டறை வைக்கிறார்கள். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் 'ரிப்பேர் கஃபே' என்று கிளம்பிய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் குத்துவிளக்கு, பொன்னாடை, சுற்றுச்சூழல் உரை எல்லாம் முடிந்து மிக்சியைத் திறப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டால் யார் என்ன கற்றுக்கொள்வது?

மேடையைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று மேஜை போடுங்கள். ஒரு மேஜைக்கு ஐந்து பேர், ஓமும் வோல்ட்டும் அளக்க ஒரு மல்டிமீட்டர். கரண்ட் வரும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், கட்டாயம். அதோடு ஒரு சீரிஸ் லேம்ப்: பேஸ் வயரை மட்டும் வெட்டி, நடுவே ஹோல்டர் வைத்து 100 வாட் குண்டு பல்பு, மறுமுனையில் சாக்கெட். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. உள்ளே ஷார்ட் ஆன மிக்சியை இதில் செருகினால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழாது, புகையும் வராது.

இதிலும் ஏமாற ஒரு இடம் இருக்கிறது. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் நன்றாக இருந்தாலும் பல்பு ஏறக்குறைய முழுசாகத்தான் எரியும். அதன் காயில் 53 ஓம்தான், பல்போ சூட்டில் 500 ஓமுக்கு மேல், அதனால் வோல்ட்டில் பெரும்பங்கு பல்புக்கே போகும். ஷார்ட் என்று அவசரப்பட்டுத் தூக்கிப் போடக் கூடாது. பிளக்கின் இரண்டு பின்னுக்கு நடுவே மீட்டரில் 50 ஓம் சுற்றுவட்டாரத்தில் காட்டினால் காயில் நலம். எர்த் பின்னுக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்க வேண்டும், மற்ற இரண்டு பின்னுக்கும் பாடிக்கும் இருக்கவே கூடாது.

முதல் நாளுக்கு மிக்சியும் சீலிங் ஃபேனும் போதும். 2011-ல் வந்த விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் இவை இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும்.

மிக்சியில் மோட்டார் ஓடுகிறது, பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருக்கும். இங்கேதான் எல்லோரும் தப்பான பக்கம் திருகிக் கப்ளரை உடைக்கிறார்கள். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே திருப்பினால்தான் கழலும். ஓட ஓட இறுகும்படி மரை வெட்டியிருக்கிறார்கள். ஆகவே பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் ஜாரில்லாமல் ஒரு நொடி ஓடவிட்டுத் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிக்சி சத்தமே போடவில்லையா? அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். ஓவர்லோடில் அது வெளியே வந்திருக்கும். இதற்கே காசு கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. தீப்பொறி பறந்தால் கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கரித்துண்டுகள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சட்னியில் கறுப்பு நீர் கசிந்தால் ஜார் புஷ் (பிளேடின் தண்டைத் தாங்கும் வளையம்) போயிற்று. இரவு முழுக்க ஜாரைத் தண்ணீரில் ஊறப் போடுவதன் பலன்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் முதல் சந்தேகம் கன்டென்சர் (கெபாசிட்டர்) மேல். சுவிட்சை அணைத்தால் போதாது, எம்சிபியை இறக்குங்கள். நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருக்கும் வீடுகள் நிறைய. கன்டென்சரின் இரண்டு வயரையும் பல்பு வழியாகத் தொட்டு டிஸ்சார்ஜ் செய்துவிட்டுக் கழற்றுங்கள். மேலே 2.5 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருக்கும், மீட்டரில் 1.8 காட்டினால் ஆயுள் முடிந்தது. அதே அளவில்தான் புதிது போட வேண்டும். வேகமாகச் சுற்றட்டும் என்று 4 போட்டால் வைண்டிங் சூடேறிக் கருகும். கன்டென்சர் சரி, கையால் சுற்றினால் கரகரக்கிறது என்றால் பேரிங். பிஎல்டிசி ஃபேனில், அதாவது உள்ளே எலக்ட்ரானிக் சர்க்யூட் வைத்து ஓடும் ஃபேனில், இந்தக் கதையே வேறு, முதல் பட்டறைக்கு வேண்டாம்.

பட்டறை நடத்துகிறவர் கழற்றிக் காட்ட, மற்றவர்கள் செல்போனில் படம் பிடிப்பது எதற்கும் உதவாது. ஸ்க்ரூ டிரைவர் பொருளைக் கொண்டுவந்தவர் கையில் இருக்க வேண்டும். டெஸ்ட் பண்ணாமல் பார்ட் மாற்ற விடவும் கூடாது.

வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியவையும் உண்டு. கேஸ் ரெகுலேட்டரைத் தொடவே வேண்டாம். மைக்ரோவேவ் அவன் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடை யாராவது கொண்டுவந்தால் உறையைப் பாருங்கள். விரிசல் விட்டிருந்தால் ஒட்டுப் போட முடியாது. வயரை வெட்டிவிட்டுக் கொடுங்கள், வீட்டுக்குப் போய்த் திரும்பச் செருக மாட்டார்கள்.