பொம்பெயியில் யாரும் கல்லாகிவிடவில்லை

'எரிமலைக் குழம்பு பட்டு ஒரே நொடியில் கல்லாய்ச் சமைந்த பொம்பெயி மக்கள்' என்று படங்களோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. படங்கள் நிஜம்தான், விளக்கம் தப்பு.

பொம்பெயி இத்தாலியின் பழைய ரோமானிய நகரம். கி.பி. 79-ல் பக்கத்திலுள்ள வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஊரை மூடியது குழம்பு அல்ல. முதலில் மணிக்கணக்கில் நுரைக்கல் (எரிமலை கக்கும் லேசான, துளைகள் நிறைந்த கல்) மழை, கூரைகள் சரிந்தன. அப்புறம் சரிவில் பாய்ந்து வந்தது சுடுசாம்பலும் வாயுவும் கலந்த வெள்ளம். உடல்கள் மட்கிப்போக, இறுகிய சாம்பலுக்குள் அவற்றின் வடிவில் வெற்றிடம் மிஞ்சியது. 1863-ல் இத்தாலியத் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியோரெல்லி அதில் பிளாஸ்டர் ஊற்றி வார்த்தெடுத்தார். நாம் பார்ப்பது அந்த முறையில் எடுத்த வார்ப்புகளை. துணி மடிப்புகூடத் தெரியும். உள்ளே எலும்பும் உண்டு.

'மலை அணைந்துவிட்டது' என்ற அந்தச் செய்தியின் கடைசி வரியும் தவறு. 1944-லும் வெடித்திருக்கிறது. பொம்பெயி தொல்லியல் பூங்கா, வெசுவியஸ் கண்காணிப்பகம் ஆகியவற்றின் இணையதளங்களில் சரிபார்க்கலாம். தயவுசெய்து இதை இனி ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.