நாய்கள் காட்டிக்கொடுத்த தூக்க நோய்

சென்ற வாரம் உறவினர் வீட்டு வளைகாப்பில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது, பெரியவர் ஒருவர் தம் பேரனைக் காட்டி, "பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டானாம், கும்பகர்ணன் தோற்றான் போங்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்தப் பையன் இரவெல்லாம் கைப்பேசி பார்த்திருக்கவும் கூடும், நான் மருத்துவனும் அல்லன். ஆனால் பகலில் தூங்குவதைக் குணக்கேடாக மட்டுமே பார்க்கும் நம் பழக்கம் எவ்வளவு தவறாகக் கூடும் என்பதற்கு, பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நார்கோலெப்சி என்னும் நோயின் காரணத்தைத் தேடிய வரலாற்றைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்நோய்க்கு அப்பெயரை 1880இல் சூட்டியவர் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர். அவரிடம் வந்தவர் 38 வயதான, மதுப் பீப்பாய் வணிகர். ஒரே நாளில் 200 முறை வரைகூடத் தூங்கி விழுந்தவர். அதைவிட விந்தையானது, அவர் வாய்விட்டுச் சிரித்தால் கால்கள் துவண்டுவிடும். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்துவிட்டால் மகிழ்ச்சியில் கை அசையாது. நினைவு தப்பாமலே தசைகள் மட்டும் தளரும் இந்நிலையைக் கேட்டப்ளெக்சி என்கிறார்கள். சிரித்தால் விழுந்துவிடுவோம் என்று அஞ்சி, வேடிக்கைப் பேச்சு நடக்கும் இடத்திலிருந்தே விலகிப் போகிறவர்கள் இந்த நோயாளிகளிடையே உண்டு.

நலமாக இருப்பவர்களுக்குக் கனவுத் தூக்கம், கண்ணயர்ந்து சுமார் 90 நிமிடங்கள் கழித்தே வரும். கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடாதபடி அப்போது உடலின் தசைகளை மூளை செயலற்று வைத்திருக்கும். நார்கோலெப்சி உள்ளவர்களுக்கோ அது சில நிமிடங்களிலேயே வந்துவிடுகிறது. அதன் துண்டுகள் விழிப்பு நேரத்துக்குள்ளும் புகுந்துவிடுகின்றன. சிரிக்கும்போது கால் துவள்வது அப்படிப் புகுந்த ஒரு துண்டுதான். பேய் வந்து நெஞ்சில் அமுக்கியது என்று நம் பாட்டிமார் சொல்லும் அனுபவமும் இதே வகையைச் சேர்ந்தது. அது நோயில்லாதவர்களுக்கும் எப்போதாவது வரும் என்பதால் யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

காரணம் தெரியாத காலத்தில் மருத்துவர்களும் நோயாளியின் மனத்தைத்தான் குற்றம் சொன்னார்கள். அடக்கிவைத்த உணர்ச்சிகளிடமிருந்து தப்பிக்கவே அவர் தூங்குகிறார் என்று மனப்பகுப்பாய்வுக்காரர்கள் விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கத்தை அசைத்தவற்றுள் நாய்களுக்கு முக்கிய இடம் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டெமன்ட் 1970களில் வளர்த்த டாபர்மேன், லாப்ரடார் நாய்களில் இந்நோய் பரம்பரையாக இறங்கியது. சுவையான உணவைக் கண்டதும் அவை மகிழ்ச்சியில் துள்ளி, துள்ளிய இடத்திலேயே சரிந்து விழுந்தன. நாய்க்கு அடக்கிவைத்த உணர்ச்சி என்று எவரும் வாதாட முடியுமா?

1986இல் அங்கு சென்று சேர்ந்த இம்மானுவேல் மிக்னோ, அந்த நாய்களின் மரபணுவைச் சுமார் 10 ஆண்டுகள் துருவி, 1999இல் பழுதைக் கண்டுபிடித்தார். அதே மாதத்தில் டல்லஸிலிருந்து மசாஷி யானகிசாவாவின் குழுவும் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. அவர்கள் தேடியது தூக்கத்தையே அல்ல. எலிகளின் பசியைத் தூண்டிய ஒரு மூளைப் பொருளுக்கு, பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் ஒரெக்சின் என்று பெயரிட்டிருந்தார்கள். அது இல்லாத சுண்டெலிகளை இருட்டில் அகச்சிவப்புக் கேமராவால் படம்பிடித்தபோது, நடந்துகொண்டிருந்தவை திடீர் திடீரெனச் சரிந்தன. மிக்னோவின் நாய்களில் பழுதாகியிருந்ததும் இந்த ஒரெக்சினை உணர்ந்து ஏற்பதற்கான மரபணுதான். சுண்டெலி இரவில் விழித்திருக்கும் பிராணி என்பதை நினைத்து இரவில் படமெடுத்திராவிட்டால் இது கண்ணில் பட்டிருக்காது.

2000இல் மனிதர்களிடமும் இது உறுதியானது. கேட்டப்ளெக்சியோடு இந்நோய் வந்து இறந்தவர்களின் மூளையில், அதன் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் ஒரெக்சினைச் சுரக்கும் சுமார் 70,000 செல்களில் 85 முதல் 95 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ள மூளையில் இது ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகை போய்விட்டால் எவ்வளவு மன உறுதி இருந்தும் விழித்திருக்க முடியாது.

அந்தச் செல்களை அழிப்பது எது என்பதில்தான் எனக்கு மிகுந்த அக்கறை. நாய்களைப் போல மனிதர்களிடம் ஒற்றை மரபணுப் பழுது இல்லை. கேட்டப்ளெக்சி உள்ள நோயாளிகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் எதிர்ப்பாற்றல் சார்ந்த ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருக்கிறது. ஆனால் அது நலமாக இருப்போர் பலரிடமும் உண்டு. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 30 சதவீதம்தான். ஆகவே உடலின் எதிர்ப்புப் படையே வழிதவறித் தன் செல்களைத் தாக்குகிறது, அதற்கு வெளியிலிருந்து ஒரு தூண்டுதல் தேவைப்படுகிறது என்ற கருத்து வலுப்பெற்றது.

2009 பன்றிக் காய்ச்சல் அந்தத் தூண்டுதலைக் காட்டியது. ஐரோப்பாவில் போடப்பட்ட பான்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசிக்குப் பிறகு, பின்லாந்திலும் சுவீடனிலும் குழந்தைகளிடம் நார்கோலெப்சி கூடியது. பின்லாந்தில் ஊசி போட்டுக்கொண்ட இளையோரிடம் அது ஏறத்தாழ 12 மடங்கு. சீனாவிலோ, ஊசியே போடாதவர்களிடமும் அந்தக் காய்ச்சல் காலத்தை அடுத்து நோய் கூடியது. இதைப் பொதுவெளியில் சொன்னால் எல்லாத் தடுப்பூசிகளின் மீதும் அவநம்பிக்கை வளரும் என்று அஞ்சுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. என் கருத்து நேரெதிரானது. ஐயத்தை 2010இலேயே எழுப்பியவர்கள் அந்நாட்டு மருத்துவர்களும் அரசு நிறுவனங்களும்தான், வதந்திக்காரர்கள் அல்லர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த எதிர்ப்பாற்றல் வழியை நிறுவியதாக 2013இல் மிக்னோவின் குழு வெளியிட்ட கட்டுரையை, சோதனையை மறுபடி செய்தபோது அதே முடிவுகள் கிடைக்காததால், மறு ஆண்டே அவர்களே மீட்டுக்கொண்டார்கள். 2018இல் வேறொரு குழு, ஒரெக்சினைக் குறிவைக்கும் டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களை நோயாளிகளின் இரத்தத்தில் கண்டது. இந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் மறைக்காமல் சொன்னால்தான் மருத்துவத்தின் மேல் மக்களுக்கு நம்பிக்கை தங்கும் என்று நினைக்கிறேன்.

காரணம் தெரிந்ததன் பயன் மருந்துகளில் தெரிகிறது. ஒரெக்சினைத் தடுக்கும் மாத்திரை ஒன்றுக்கு 2014இல் அமெரிக்காவில் தூக்கமின்மைக்காக அனுமதி கிடைத்தது. ஒரெக்சினின் வேலையைத் தானே செய்யும் மாத்திரை ஒன்று நார்கோலெப்சிக்காரர்களை நன்றாகவே விழிக்க வைத்தது. ஆனால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியதால் சோதனை 2021இல் நிறுத்தப்பட்டது. அதே வழியில் அடுத்த மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன. வளைகாப்பில் பார்த்த அந்தப் பையனின் அம்மாவை நாளை தொலைபேசியில் அழைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறேன்: அவன் விழுந்து விழுந்து சிரிக்கும்போது முழங்கால் மடங்குகிறதா?